பம்ப் வச்ச நாலு கேஸ் மானிட்டர்: மேன்ஹோல்ல எறங்குறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

மேன்ஹோல், கேபிள் சேம்பர், வால்வ் சேம்பர்னு தரைக்கு கீழ எறங்கி வேலை பாக்குறவங்க நாலு கேஸ் மானிட்டர், அதாவது நாலு வித கேஸ அளக்குற கைல புடிக்கிற மெஷின், வாங்கப் போறீங்கன்னா மொதல்லயே சொல்லிடுறேன், பம்ப் இல்லாத மாடல வாங்காதீங்க. எங்க டீம்ல ரெண்டையும் யூஸ் பண்ணியாச்சு. பம்ப் இல்லாதத சட்டைல மாட்டிக்கிட்டா நம்மள சுத்தி இருக்குற காத்த மட்டும்தான் பாக்கும், அது கத்துற நேரத்துல நாம ஏற்கனவே அந்த காத்துக்குள்ளதான் நிப்போம். பம்ப் வச்சதுல ஹோஸ கீழ விட்டு, மேல நின்னுட்டே பாத்துடலாம், உள்ள போறதா வேணாமான்னு முடிவெடுக்க அதுதான் வேணும்.

ஆக்சிஜன், எரியுற கேஸ், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு இந்த நாலையும் ஒரே நேரத்துல காட்டும். முட்டை அழுகின நாத்தம் வந்தா மூக்குக்கே தெரியாதா, இதுக்கு எதுக்கு மெஷின்னு கேக்குறவங்க இன்னும் இருக்காங்க. அந்த நாத்தம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல 100 பங்கு) பக்கம் போனா மூக்கு கொஞ்ச நேரத்துல மரத்துப்போயிடும், நாத்தம் போயிடுச்சுன்னு நெனைப்போம், ஆனா அந்த 100தான் உயிருக்கே உடனடி ஆபத்துன்னு வச்சிருக்குற அளவு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கெடையாது. மேல ஓடுற ஜெனரேட்டரோட புகையே மேன்ஹோலுக்குள்ள எறங்கிடும், அதனால ஜெனரேட்டர தள்ளி வைங்க, மெஷின ஆன் பண்ணி ஜீரோ பண்றதும் (நல்ல காத்துக்கு நம்பர சரியா செட் பண்றது) நல்ல காத்துல, அந்த புகைக்கு தூரமா நின்னு பண்ணுங்க.

மீத்தேன் லேசு, மேல நிக்கும், ஹைட்ரஜன் சல்ஃபைடு காத்த விட கனம், அடில கெடக்கும். அதனால ஹோஸ ஒரே எடத்துல தொங்கவிட்டுட்டு ஓகேன்னு சொல்லாதீங்க, நாலடிக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்தி எறக்குங்க, ஹோஸ் நீளமா இருந்தா காத்து மெஷினுக்கு வந்து சேரவே நேரம் ஆகும், நம்பர் அசையாம நிக்கிற வரைக்கும் பொறுமையா இருக்கணும். மேல இருந்து பாத்தப்போ சைபர் காட்டுச்சேன்னு கீழ போய் மெஷின ஆஃப் பண்ணிடாதீங்க, அடில கெடக்குற சேத்த காலால கலக்கினாலே கேஸ் வெளிய வரும்.

இந்த மெஷின்ல எனக்கு ரொம்ப முக்கியமா படுறது ஆக்சிஜன் நம்பர்தான், ஆனா பாதி பேர் அத கண்டுக்கறதே இல்ல. நல்ல காத்துல 20.9 சதவீதம் காட்டும், அலாரம் 19.5க்கு கீழ போனாதான் அடிக்கும். நடுவுல 19.9 காட்டினா அலாரம் அடிக்காது, சரி எறங்குன்னு சொல்லிடுவாங்க. யோசிச்சு பாருங்க, காத்துல ஆக்சிஜன் கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு, வேற ஒரு கேஸ் உள்ள வந்து எடத்த புடிச்சதாலதான் ஆக்சிஜன் 1 சதவீதம் கொறஞ்சிருக்குன்னா அந்த கேஸ் சுமார் 5 சதவீதம் இருக்கு, அதாவது 50,000 பிபிஎம். அது கார்பன் டையாக்சைடா இருந்தா இந்த நாலு சென்சார்ல அதுக்குன்னு ஒண்ணு கூட கெடையாது. துருப்பிடிக்கிறதாலயும் கொறையலாம்தான், ஆனா ஏன் கொறஞ்சுதுன்னு தெரியாம எறங்கவே கூடாது, ப்ளோயர போட்டு காத்தோட்டம் குடுத்துட்டு மறுபடி பாருங்க.

கொறைகளும் இருக்கு. க்ளவுஸ் போட்டா பட்டன் அமுக்க முடியல. ஹோஸ் நுனி தண்ணிய தொட்டா உறிஞ்சி பம்ப் நின்னுடுது, ஃபில்டர் ஸ்பேர் வச்சுக்கணும். சிலிகான் ஸ்ப்ரே பக்கத்துல கொண்டு போகாதீங்க, எரியுற கேஸ் சென்சார் கெட்டுடும். பேட்டரி இருக்குற ரூம்ல ஹைட்ரஜன் இருந்தா கார்பன் மோனாக்சைடு நம்பர் சும்மா ஏறும், அப்பவும் வெளிய வந்துட்டுதான் காரணம் தேடணும்.

பெரிய கொறை என்னன்னா செத்துப்போன ஹைட்ரஜன் சல்ஃபைடு சென்சாரும் சைபர்தான் காட்டும், சுத்தமான காத்துலயும் சைபர்தான் காட்டும். ரெண்டுக்கும் வித்தியாசம் ‘bump test’ பண்ணாதான் தெரியும் (காத்த உறிஞ்சுற பம்ப் இல்ல, இது வேற), அதாவது டெஸ்ட் சிலிண்டர் கேஸ காட்டி அலாரம் அடிக்குதான்னு பாக்குறது. ரெண்டு நிமிஷ வேலை, தெனமும் எறங்குறதுக்கு முன்னாடி பண்ணுங்க. நான் பாத்த மாடல்ல டெஸ்ட் டேட் தாண்டினாலும் ஒரு பட்டன அமுக்கினா ஸ்கிப் ஆகுது, அத கம்பெனிக்காரங்க எடுத்தே ஆகணும்.

இதோட ட்ரைபாடும் (மூணு கால் ஸ்டாண்டு) வின்ச்சும் (ஆள கயித்துல மேல தூக்குற உருளை) சேத்து வாங்குங்க. இந்த மாதிரி எடங்கள்ல செத்தவங்கள்ல 60 சதவீதத்துக்கு மேல காப்பாத்த எறங்கினவங்கன்னு அமெரிக்காவோட வேலையிடப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான நியோஷ் (NIOSH) 1986லயே சொல்லிடுச்சு. உள்ள இருக்குறவர் விழுந்தா மேல இருந்தே தூக்கணும், யாரும் பின்னாடி குதிக்கக் கூடாது.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். வாங்குறப்போ டெஸ்ட் சிலிண்டரோட எக்ஸ்பைரி டேட்ட பாத்து வாங்குங்க, ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்தது சீக்கிரமே காலாவதி ஆயிடும்.