மாதக் காலண்டரா, கைப்பேசிக் காலண்டரா? வேலையும் வாழ்த்தும் விட்டுப்போகாத வீட்டுக்கு எது சரி?

எங்கள் வீட்டில் வேலைகளுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் இப்போது முதல் இடம் சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டருக்கு. கைப்பேசிக்கு இரண்டாவது இடம். வாட்ஸ்அப் குழு, கூகுள் காலண்டர் இரண்டையும் போதுமான காலம் பயன்படுத்திப் பார்த்த பிறகு எடுத்த முடிவு இது. கணவரும் நானும் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர், கூடவே மாமியார். இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் நான் சொல்வது நேராகப் பொருந்தும்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க" என்பதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. மூன்று வாரம் கழித்துச் செய்ய வேண்டிய வேலையை அங்கே எழுதினால், அதன்மேல் நூறு செய்தி குவிந்துவிடும். ஒரு குழுவில் மூன்று செய்திகளை மேலேயே தெரியும்படி 'பின்' (pin) செய்து வைக்கலாம்; அதற்கும் அதிகபட்சம் 30 நாள்தான். அன்றைய பேச்சுக்கு அது போதும், ஆண்டுக்கணக்கு வேலைக்குப் போதாது.

கூகுள் காலண்டர் அப்படி ஒதுக்கக்கூடியது இல்லை. குடும்பக் குழு ஒன்றை உருவாக்கினால் ஆறு பேர் வரை ஒரே காலண்டரைப் பார்க்கலாம், எழுதலாம். மாதாமாதம் வரும் கடன் தவணை, ஆண்டுக்கு ஒருமுறை வரும் வண்டிக் காப்பீடு இதெல்லாம் ஒருமுறை போட்டுவிட்டால் அதுவே திரும்பத் திரும்ப வரும். அலுவலகத்தில் இருக்கும்போதும் கையிலேயே இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின் கணக்கு எடுத்துப் போனதும், அன்றிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும் என்பதைக் கைப்பேசியில் நினைவூட்டலாக வைப்பதுதான் வசதி. நினைவூட்டல் வந்த கையோடு அதிலேயே பணமும் கட்டிவிடலாம். சொத்து வரியும் அப்படித்தான். ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. இந்த இரண்டு தேதியையும் நான் இன்னும் கைப்பேசியிடமே விட்டிருக்கிறேன். கெடு தேதி உள்ள, பணம் கட்டுகிற வேலை எல்லாவற்றுக்கும் மணி அடிக்கிற கருவிதான் நல்லது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம் ஏன் சுவருக்கு வந்தோம்? தேதிகளைப் பார்ப்பது யாருக்கும் கஷ்டமாக இல்லை. எழுதுவது யார், எழுதியதைச் சரியாக வைத்திருப்பது யார் என்பதில்தான் கைப்பேசி எங்களுக்கு ஒத்துவரவில்லை. நான் முடிவெடுத்தது இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான். மற்ற வசதிகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பகிர்ந்த காலண்டரில் ஒருவர் ஒன்றைப் போட்டால் எல்லோருக்கும் தெரியும், உண்மைதான். ஆனால் அறிவிப்பு மணியை ஒவ்வொருவரும் தன் தன் கைப்பேசியில் தானே அமைத்துக்கொள்ள வேண்டும். கணவர் கைப்பேசியில் அலுவலகக் காலண்டரும் சேர்ந்து மணி அடிக்கும், அதனால் வீட்டு அறிவிப்பை அணைத்து வைத்திருப்பார். பிள்ளைகளுக்குச் சொந்தக் கைப்பேசி கிடையாது. மாமியார் கைப்பேசியில் பேசுவார், படம் பார்ப்பார். காலண்டரில் எழுதுவதெல்லாம் அவருக்கு வேண்டாத வேலை. ஐந்து பேர் வீட்டில் எழுதுகிற ஆள் நான் ஒருத்தி. தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வருகிற நாளை மாமியார் என்னிடம் சொல்ல, நான் அதைப் பதிய, பிறகு நானே எல்லோருக்கும் சொல்ல என்று வேலை சுற்றிச் சுற்றி என்னிடமே வந்தது. ஞாபகம் வைத்துக்கொள்கிற பாரம் ஒரு துளியும் குறையவில்லை, என் தலையிலிருந்து என் கைப்பேசிக்கு மாறியதோடு சரி.

சுவரில் எழுதுவதற்கு யாரும் கடவுச்சொல் கேட்பதில்லை. காஸ் சிலிண்டர் மாற்றிய அன்று மாமியார் அந்தக் கட்டத்தில் "காஸ்" என்று எழுதுகிறார். அடுத்தது எப்போது பதிய வேண்டும் என்று பின்பக்கம் புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மகள் தன் தேர்வு அட்டவணையைத் தானே எழுதுகிறாள். மகன் வெள்ளைச் சீருடை நாளுக்கு வட்டம் போடுகிறான். பால் வாங்காத நாளுக்குப் பெருக்கல் குறி. இது நம் வீடுகளில் காலண்டருக்கு வெகு காலமாக உள்ள வேலைதான். யார் எந்த வேலை என்பதற்குப் பெயரின் முதல் எழுத்து போதும். வேலை முடிந்தால் அதன்மேல் ஒரு கோடு. சாப்பிட உட்காரும் எல்லோர் கண்ணிலும் அது படுகிறது. "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வழியில்லை.

இதற்கு ஏற்ற காலண்டரைத் தேர்ந்தெடுப்பதில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். நகைக்கடையிலும் ஜவுளிக்கடையிலும் இலவசமாகத் தருவதில் பாதி இடம் சாமி படம், மீதி இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். அது பூஜை அறைக்குச் சரி. எழுதுவதற்குப் படமில்லாத, கட்டம் பெரிதான காலண்டர்தான் வேண்டும். தாளையும் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்: பளபளப்பான ஆர்ட் பேப்பரில் பென்சில் ஏறாது, பளபளப்பில்லாத மேப்லித்தோ தாளில் நன்றாக ஏறும். பென்சிலைச் சொல்லக் காரணம் உண்டு. சுவரில் தொங்கும் தாளில் பால்பாயின்ட் பேனாவைப் படுக்கவைத்து எழுதினால் இரண்டு வரியில் மை நின்றுவிடும், முனைக்கு இறங்கி வராது. பென்சிலுக்கு அந்தத் தொல்லை இல்லை, மாறிய தேதியை அழிக்கவும் முடிகிறது. ஒரு பென்சிலை நூலில் கட்டி அதே ஆணியில் தொங்கவிட்டிருக்கிறோம். சிவகாசி அச்சகங்களில் ஆடிப்பெருக்கன்றே அடுத்த ஆண்டு மாதிரிகளை வெளியிட்டுவிடுவார்கள் என்பதால், டிசம்பர் வரும்போது கடைகளில் எல்லா அளவும் கிடைக்கும்.

சரி, சுவர்க் காலண்டரின் பெரிய குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆண்டு முடிந்தால் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும். கைப்பேசியில் ஒருமுறை போட்டால் போதும். இந்த ஒரு காரணத்துக்காகவே கைப்பேசி பக்கம் சாய்கிறவர்கள் நிறைய. ஆங்கிலத் தேதியில் பிறந்தநாள் கொண்டாடுகிற வீடாக இருந்தால் அது சரியான காரணமும்கூட.

எங்கள் வீட்டில் பாதி நாட்கள் நட்சத்திரத்தில் வருகின்றன. மாமியார் பிறந்தது தைப்பூசத்தன்று. தைப்பூசம் 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. இதை ஆண்டுதோறும் வருவதாகக் கைப்பேசியில் போட்டுவைத்தால் அது ஒரே தேதியில் நின்றுகொண்டிருக்கும். தைப்பூசமாவது ஊரறிந்த நாள். சித்தப்பாவுக்கு ஆனி மாதம் அனுஷம், என் தங்கைக்குக் கார்த்திகை மாதம் ரேவதி என்று இருப்பவர்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் பார்த்துத்தான் எழுத வேண்டும். சந்திரன் 27 நட்சத்திரத்தையும் சுற்றி வர 27 நாளும் கொஞ்சமும் ஆகிறது, தமிழ் மாதமோ 29 முதல் 32 நாள் வரை. அதனால் ஒரே மாதத்தில் ஒரு நட்சத்திரம் இரண்டு தடவை வருவதுண்டு. 2025-இல் பூசமே பொங்கலை ஒட்டி ஒன்று, பிப்ரவரியில் ஒன்று என்று தையில் இரண்டு முறை வந்தது. எதைக் கொள்வது என்பது வீட்டுக்கு வீடு வழக்கம். அதை வீட்டுப் பெரியவர்தான் சொல்ல வேண்டும். மாமனாரின் திதியும் அப்படியே: மாதம், பட்சம் (வளர்பிறையா தேய்பிறையா), திதி மூன்றும் பார்த்து நாள் குறிக்க வேண்டும்.

பஞ்சாங்கச் செயலிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, அன்றைக்கு என்ன நட்சத்திரம் என்று சொல்லும். ஆனால் அதிலே பார்த்து, காலண்டரிலே பதிந்து, அடுத்த ஆண்டு பழையதை நீக்கி மறுபடி பதிய வேண்டும். ஒருமுறை போட்டால் போதும் என்ற வசதி இந்த நாட்களுக்கு இல்லவே இல்லை. மாதக் காலண்டரிலோ ஒவ்வொரு கட்டத்திலும் நட்சத்திரமும் திதியும் அச்சாகியே வருகின்றன. பழைய காலண்டரையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, மாமியார் "ஆனி... அனுஷம்... இதோ, இந்த வியாழன்" என்று விரல் வைத்துச் சொல்ல, மகள் எழுதுகிறாள். ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும் வேலை. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: யாருக்கு என்ன நட்சத்திரம், யாருடைய திதி எப்போது என்பதெல்லாம் மாமியாரோடு நின்றுவிடாமல் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும் தெரிய வருகிறது. யார் இந்தச் சித்தப்பா, எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே எழுதுகிறாள்.

இனி வாழ்த்து அட்டை. இதையும் காலண்டரோடு சேர்த்துப் பேசக் காரணம், அட்டை அனுப்புவதும் ஒரு வீட்டு வேலைதான். அதற்கும் நாள் குறிக்காவிட்டால் நடக்காது. டிசம்பர் பாதியிலிருந்து கடை வாசலில் பொங்கல் வாழ்த்து அட்டைகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்ட காலத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது அதன் இடத்தில் வாட்ஸ்அப் படம். படம் அனுப்புவதை நான் குறை சொல்லவில்லை. அலுவலக நண்பர்கள், அபார்ட்மென்ட்காரர்கள், தூரத்து உறவினர் என்று நூறு பேருக்கு அட்டை அனுப்ப யாராலும் முடியாது, தேவையும் இல்லை. நெருங்கியவர்களுக்குத் தொலைபேசியில் பேசினால் போதும். அட்டைக்கு என்று நாங்கள் ஒதுக்கியிருப்பது சிலரைத்தான்: வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத பெரியவர்கள், பிள்ளைகளின் பழைய ஆசிரியர்கள், வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் அண்ணன் மகன். இவர்கள் அட்டையை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். ஊரில் பெரியம்மா வீட்டுக் கண்ணாடி அலமாரியில் என் மகன் வரைந்து அனுப்பிய கரும்பும் பானையும் இன்னமும் நிற்கிறது.

கடையில் வாங்கும் அட்டையா, பிள்ளைகள் செய்யும் அட்டையா என்றால், கெட்டி வரைதாளை மடித்துப் பிள்ளைகள் செய்வதுதான் எங்களுக்கு ஒத்துவருகிறது. செலவு குறைகிறது என்பதைவிட, எடை குறைகிறது. உள்நாட்டில் 20 கிராம் வரை உள்ள கடிதத்துக்கு 5 ரூபாய் தபால்தலை போதும். கடையில் விற்கும் கனமான, சரிகை ஒட்டிய, பாட்டு வரும் அட்டைகள் உறையோடு சேர்ந்தால் அந்த எடையைத் தாண்டிவிடும். தபால்தலை குறைந்தால் குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கு வாங்குகிறவரிடம் வசூலிப்பார்கள். வாழ்த்து பெறுகிறவரிடமே காசு கேட்பது நன்றாகவா இருக்கும்? சமையலறைத் தராசில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். பின்கோடு ஆறு இலக்கமும் சரியாக இருக்கட்டும்.

காலண்டரில் அட்டைக்கு இரண்டு குறி போடுகிறோம். பிறந்தநாளில் பெயர், அதற்குப் பத்து நாள் முன்னால் உள்ள கட்டத்தில் ஒரு சின்ன உறைப் படம், அன்றைக்குத் தபாலில் போட வேண்டும் என்பதற்கு. பொங்கலுக்கு ஜனவரி முதல் வாரத்துக் கட்டங்களில் அந்த உறைப் படங்கள் வரிசையாக இருக்கும். அட்டைகள், உறைகள், தபால்தலைகள், முகவரி நோட்டு எல்லாம் காலண்டருக்குப் பின்னால் அதே ஆணியில் ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டரில் இருக்கின்றன. தேடி எடுக்கிற வேலை இல்லாததால்தான் இது தொடர்கிறது என்று நினைக்கிறேன். நோட்டில் முகவரியையும் பென்சிலிலேயே எழுதுகிறோம், வாடகை வீட்டில் இருக்கும் சொந்தங்கள் அதிகம்.

சுவர்க் காலண்டரால் ஆகாததையும் சொல்லிவிட வேண்டும். மணி அடிக்காது. வெளியில் இருக்கும்போது பார்க்க முடியாது; அதற்கு மாதத்தின் முதல் தேதியன்று பக்கத்தைப் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன், ஓரளவு உதவுகிறது. போன ஆண்டு எப்போது எதைச் செய்தோம் என்று தேடுவதில் கைப்பேசியின் வேகம் இதற்கு வராது. கணவன் ஒரு ஊர், மனைவி ஒரு ஊர் என்று வேலை பார்க்கும் குடும்பத்துக்கு நான் தயங்காமல் கூகுள் காலண்டரைத்தான் சொல்வேன். வெள்ளைப் பலகை மாட்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன், பயன்படுத்தியதில்லை. காசு கட்டி வாங்கும் குடும்பச் செயலிகளிலும் எனக்குப் பழக்கம் கிடையாது, அதனால் அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. பிள்ளைகள் பெரியவர்களாகிக் கையில் ஆளுக்கொரு கைப்பேசி வந்த பிறகும் இந்தச் சுவர் வழக்கம் நிற்குமா என்பதையும் இப்போதே சொல்ல முடியாது. அப்போதும் நட்சத்திர நாட்களை மட்டுமாவது காலண்டர் பார்த்து மாமியாரோடு உட்கார்ந்துதான் குறிக்க வேண்டியிருக்கும்.