இருதய கிளினிக், அதுவும் மாடியில்

முதலில் படிக்கட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கடைவீட்டு மாடியில் இருக்கிற இந்த கிளினிக்குக்கு 23 படி ஏற வேண்டும், லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்குகிறது என்றுதானே வருகிறோம், எந்தப் புண்ணியவான் மாடியைப் பார்த்து வாடகைக்கு எடுத்தாரோ. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை நின்றார். 9.30க்கு அப்பாயின்ட்மென்ட், கூப்பிட்டது 12.10க்கு.

ஆனாலும் இங்கேதான் போகிறோம். காரணம் டாக்டர்.

அம்மா முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். போன வருஷம் ஒரு வாரம் காய்ச்சல், அப்புறம் கால் வீக்கம், படுத்தால் மூச்சுத் திணறல். எக்கோ என்ற இருதய ஸ்கேனில் இருதயம் பெரிதாகி, தசை தளர்ந்து, பம்ப் செய்யும் அளவு 28 சதவீதம் என்று வந்தது. 55க்கு மேல் இருக்க வேண்டுமாம். ரத்தக் குழாயில் அடைப்பு இல்லை. "காய்ச்சல்தான் போயிருச்சே, அப்புறம் ஏன்?" என்று முன்பு போன இடத்தில் அம்மா கேட்டதற்குக் கிடைத்தது மருந்துச் சீட்டு மட்டும்தான்.

இந்த டாக்டர் மருந்து உறையைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தார். கோக்சாக்கி மாதிரி வைரஸ் இருதயத் தசையைத் தாக்கும்போது செல் உடைந்து உள்ளே இருக்கிற மயோசின் போன்ற புரதம் வெளியே சிந்துகிறது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதையும் வேற்றாள் என்று நினைத்து அதைத் தாக்க ஆன்டிபாடி என்கிற புரதத்தைத் தயாரித்துவிடுகிறது, வைரஸ் போன பிறகும் சிலருக்கு இது அடங்குவதில்லை. இன்னொரு வகை ஆன்டிபாடி, இருதயச் செல்லில் அட்ரினலின் வந்து ஒட்டி வேலை செய்கிற இடமான பீட்டா-1 ரிசெப்டரில் ஒட்டிக்கொண்டு இருதயத்தை ஓயாமல் விரட்டும். "நிக்கிற மோட்டார் சைக்கிள்ல யாராச்சும் எண்ணெயை முறுக்கிக்கிட்டே இருந்தா எஞ்சின் என்னம்மா ஆகும்?" என்றார். அம்மாவுக்குப் பட்டென்று புரிந்தது. அம்மாவின் பிசோப்ரொலோல் மாத்திரை எதைத் தணிக்க என்று எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

அம்மாவுக்கு இதுதான் நடந்தது என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டேன். எடுத்தாலும் இப்போது கொடுக்கிற மருந்து மாறப்போவதில்லை, காசை வையுங்கள் என்றார். ஜெர்மனியில் ரத்தத்திலிருந்து அந்த ஆன்டிபாடியை வடிகட்டிப் பார்த்திருக்கிறார்கள், வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லையாம்.

அப்புறம் சின்னம்மா விற்கிற ஜூஸ். 'எதிர்ப்புச் சக்தி கூட்டும்', பாட்டில் 168 வெள்ளி (ரிங்கிட்), அம்மா மூன்று வாங்கியிருந்தார். பையிலிருந்து எடுத்துக் காட்டியதும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "எதிர்ப்புச் சக்தியே இருதயத்தை அடிக்குதோன்னு நான் பேசிக்கிட்டிருக்கேன், நீங்க அதுக்குத் தீனி போடுறீங்களே!" சின்னம்மா இன்னும் எங்களோடு பேசவில்லை.

எக்கோவும் சேர்த்து 360 வெள்ளி, வலிக்கத்தான் செய்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட்டிடம் தொடர்ந்து பார்க்க 5 வெள்ளிதான், அதற்குக் கடிதமும் இவரே எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் 28 இப்போது 41. தினமும் காலையில் எடை பார்த்து எழுதச் சொல்லி மிஸி (நர்ஸ்) ஒரு நோட்டு கொடுத்தார், மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடனே வர வேண்டும்.

சனிக்கிழமை போகாதீர்கள். ஏறுமுன் கீழே ஒட்டுக்கடையில் ஐந்து நிமிஷம் உட்கார வையுங்கள், ஒன்றும் வாங்காவிட்டாலும் கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போடுவார், அவருக்குப் பழகிவிட்டது.