பெட்டித் தம்புரா: வாங்கலாமா?

வீட்டில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு சொல்லித்தருகிறேன். மாமியார் வழியில் வந்த தஞ்சாவூர்த் தம்புரா ஒன்று இருக்கிறது, பலாக்கட்டை. ஆனால் சுருதி சேர்ப்பதற்குள் வகுப்பில் பாதி போய்விடும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். அதனால்தான் எலக்ட்ரானிக் தம்புரா வாங்கினேன், 4,800 ரூபாய். இதே மாதிரிப் பெட்டி பல பெயர்களில் கிடைப்பதால் கம்பெனி பெயரை விட்டுவிடுகிறேன்.

இந்த வகைக்கு வழிபோட்டவர் பெங்களூர் ஜி. ராஜ் நாராயண். எச்.ஏ.எல். என்ற விமானத் தயாரிப்பு நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர், புல்லாங்குழல் வித்வான். 1979இல் எலக்ட்ரானிக் தம்புராவை உருவாக்கினார். பழைய பெட்டிகளில் சர்க்யூட்தான் ஒலியை உண்டாக்கும். சூடேறினால் சுருதி மெல்ல நழுவும். என்னுடையதில் நிஜத் தம்புராவின் பதிவே ஒலிக்கிறது, நழுவுவதில்லை.

நான் முதலில் சோதித்தது காந்தாரத்தை, அதாவது ‘க’ ஸ்வரத்தை. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் மந்தர ஸட்ஜத்தை (கீழ் ‘ஸ’ தந்தியை) மீட்டினால் அந்தர காந்தாரம் (‘க’வில் உயர்ந்த வகை) தானாக மேலே எழும். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே செருகிய ஜீவாளி நூல் மயிரிழை நகர்ந்தாலும் அது மங்கிவிடும். தந்தி ஐந்து பங்காகப் பிரிந்து அதிர்வதால் வரும் ஒலி அது. கீபோர்டின் காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் கீழே நிற்கும் (அரை ஸ்வர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). கீபோர்டு வகுப்புக்கும் போகிற பிள்ளைகள் கல்யாணி ராகம் பாடும்போது காந்தாரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பார்கள். பெட்டியில் அந்தக் காந்தாரம் தெளிவாகக் கேட்கிறது. சரி, இந்தச் சோதனையில் பாஸ்.

குறை வேறு இடத்தில். பதிவு ஒரே சுற்றாகத் திரும்பத் திரும்ப வருகிறது. கொஞ்ச நேரம் கேட்டால் மூன்றாவது தந்தியில் ஒரு சின்ன ‘டக்’ பிடிபடும், அப்புறம் காது அதையே தேடும். ஆள் மீட்டினால் விரல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். அது இதில் இல்லை. வேகத்தைக் குறைத்து வைத்தால் பரவாயில்லை.

பெரிய எழுத்தில் ஐந்தரைக் கட்டை என்று சுருதியின் உயரத்தைக் காட்டும் திரையை நான் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டேன். பிள்ளையே காதால் கேட்டு, நுண்சுருதித் திருகைத் திருப்பி என் தம்புராவோடு சேர்க்கட்டும். எண்ணைப் பார்த்துத் திருப்பினால் காது எதற்கு? பஞ்சமத்தை (‘ப’) மத்யமமாக (‘ம’) மாற்றும் சுவிட்ச் இருப்பது பெரிய வசதி, மத்யம சுருதிப் பாட்டு (மத்யமத்தையே ஸட்ஜமாக வைத்துப் பாடுவது) வந்தால் உடனே மாற்றிக்கொள்ளலாம்.

செல்போன் செயலி போதாதா என்று கேட்கிற பெற்றோர் உண்டு. போதும், ஸ்பீக்கரோடு இணைத்தால். ஒரு கட்டையில் பாடுகிற ஆணுக்கு மந்தர ஸட்ஜம் 65 ஹெர்ட்ஸ் பக்கம்; போன் ஸ்பீக்கருக்கு அவ்வளவு அடி எட்டாது. மேலே எழும் ஒலிகளை வைத்துக் காது அதை ஊகித்துக்கொள்ளும், பாடுகிறவருக்குப் பிடிமானம் இருக்காது. வர்ணம் பாடிக்கொண்டிருக்கும்போது போன் வந்தால் சுருதி நின்றுபோகும் தொல்லை வேறு. ஆரம்பப் பிள்ளைக்குச் செயலியும் சின்ன ஸ்பீக்கரும் போதும். தினமும் ஒரு மணி நேரம் பாடிச் சாதகம் செய்கிறவர்கள் பெட்டியே வாங்குங்கள், ஆனால் பேட்டரி உள்ளதாகப் பார்த்து. என்னுடையதில் இல்லை, கரண்ட் போனால் பழைய தம்புராவைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.