வாச்சுக் கணக்கும் தயிர்ச் சட்டியும்: கலோரிப் பட்டியோடு மூன்று வருஷம்

முதல் நாள் காலையிலேயே எனக்கும் கலோரி எண்ணுகிற அந்தக் கைப்பட்டிக்கும் தகராறு. இரவு கையில் கட்டிக்கொண்டு படுத்தேன். காலை ஆறு மணிக்குக் கண் விழித்துப் பார்த்தால் 330 கலோரி எரிந்துவிட்டது என்று நிற்கிறது. கட்டிலை விட்டு இன்னும் இறங்கவில்லை, வாய்கூடக் கொப்பளிக்கவில்லை. அவரிடம் காட்டினேன். "கனவில எங்கயோ ஓடியிருக்கிறாய் போல" என்றுவிட்டுத் தேத்தண்ணி கேட்டார்.

இந்த 330 எங்கிருந்து வந்தது என்று விளங்க எனக்குக் கிட்டத்தட்ட நாலு மாதம் எடுத்தது. அதற்குள் இரண்டு கிலோ கூடிவிட்டேன். ஆகவே வாங்கப்போகிறவர்களுக்கு அதிலிருந்தே சொல்கிறேன்.

வீடு மட்டக்களப்பில், கல்லடியில். படிப்பிப்பது வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருந்து தினமும் மேற்கே படுவான்கரைக்குப் போய்வருகிற ரீச்சர்மாரில் நானும் ஒருத்தி. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்து, ஸ்கூட்டியை விறாந்தையில் நிறுத்திவிட்டுச் சைக்கிள் எடுத்தேன். சில மாதத்தில் சட்டை எல்லாம் தளர்ந்தது. மறுகா பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தது, பெற்றோல் வந்தது, ஸ்கூட்டி திரும்பி வந்தது, அதன் பின்னால் உடம்பும் வந்தது. வருஷக் கடைசியில் கிளினிக்கில் பார்த்தால் வெறுவயிற்றுச் சீனி 112. "இன்னும் வருத்தமில்ல, ஆனா வாசல்ல வந்து நிக்குது" என்றார் டொக்டர். எடை 74 கிலோ, உயரம் 156 சென்ரிமீற்றர், வயது 46. நடக்கச் சொன்னார். 2023 தைப்பொங்கல் கழிந்த கையோடு பட்டி வாங்கினேன்.

டவுனில் ஒரு போன் கடையில்தான் வாங்கினேன். கடைத் தம்பி முதலில் எடுத்து வைத்தது மலிவானது: "அக்கா, இதில பிறஷரும் பார்க்கலாம், சீனியும் பார்க்கலாம், ஊசி குத்தத் தேவையில்ல." ஊசி குத்தத் தேவையில்லை என்றதும் எனக்கும் ஆசைதான். நல்ல காலம், கூட வந்த மருமகன் (வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிறவன்) காலால் ஒரு இடி இடித்தான். பிறகு 2024 பெப்ரவரியில் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்தது: தோலைக் குத்தாமல் இரத்தச் சீனியைத் தானே அளக்கும் வாச்சுக்கோ மோதிரத்துக்கோ தாங்கள் அனுமதி கொடுத்ததில்லை, அவற்றை நம்ப வேண்டாம் என்று. மருந்து போடுகிற சீனிக்காரர் வாச்சு காட்டுகிற இலக்கத்தைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எந்தப் பெட்டியில் இந்த வாக்குறுதி எழுதியிருக்கிறதோ, அதன் கலோரிக் கணக்கையும் நான் நம்பமாட்டேன். கொஞ்சம் கூடக் கொடுத்து இதயத் துடிப்பும் நடக்கிற அடியும் நித்திரையும் மட்டும் பார்க்கும் ஒன்றை எடுத்தேன். பெயர் சொல்லவில்லை, நான் சொல்லப்போகிற குறை எல்லாம் இந்தச் சாதிக்கே பொதுவானது.

இனி அந்த 330. நாம் சும்மா படுத்துக் கிடந்தாலும் மூச்சு விட, இதயம் அடிக்க, உடம்புச் சூட்டைக் காக்க உடம்பு எரித்துக்கொண்டே இருக்கிறது. அதை மதிப்பிட 1990இல் வந்த மிஃப்ளின் - செயின்ட் ஜியோர் சூத்திரம் ஒன்று இருக்கிறது. கிலோவை 10ஆலும் சென்ரிமீற்றரை 6.25ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதை 5ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். பெண் என்றால் இன்னும் 161 கழிக்க வேண்டும், ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும். எனக்கு 740 + 975 − 230 − 161, ஆக 1324. மணிக்கு 55. நடுச்சாமம் தொடக்கம் காலை ஆறு வரை 330. கம்பனி தன் சூத்திரத்தை எங்கேயும் எழுதிவைக்கவில்லை, ஆனால் கணக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. ஆகவே பட்டி என் கையில் எதையும் அளந்து அந்த 330ஐச் சொல்லவில்லை. நான் போனில் பதிந்த வயதையும் எடையையும் வைத்துப் பெருக்கிச் சொன்னது.

சில பட்டிகள் இப்படி மொத்தத்தைக் காட்டும். சில, அசைவுக்கு மட்டும் காட்டும். கடையிலேயே கேளுங்கள், அல்லது காலையில் எழும்பியதும் பாருங்கள். பூச்சியம் நின்றால் ஒரு சாதி, நூற்றுக்கணக்கில் நின்றால் மற்றச் சாதி. தெரியாமல் விட்டதுதான் என் தயிர்க் கதை.

காலையில் கல்லடிப் பாலத்தடியில் தொடங்கி 45 நிமிஷம் நடப்பேன். பட்டி 240 காட்டும். பின்னேரம் அதை நினைத்துக்கொண்டு ஒரு கிண்ணம் எருமைத் தயிர், மேலே கித்துள் பாணி. உழைத்த காசைச் செலவழிக்கிற மாதிரி ஒரு நிம்மதி. சித்திரை வருஷப் பிறப்புக்குத் தராசில் ஏறினால் 76. மருமகனைக் கூப்பிட்டேன். ஒரு கொப்பித் தாளில் போட்டுக் காட்டினான். மணிக்கு ஐந்து கிலோமீற்றர் அளவான நடை, சும்மா இருப்பதைப் போல மூன்றரை மடங்கு எரிக்கும். சும்மா இருத்தல் கிலோவுக்கு மணிக்கு ஒரு கலோரி என்று வைத்தால், 74 கிலோவுக்கு முக்கால் மணித்தியாலத்தில் 194. அதிலும் ஒரு பங்கு, நான் கதிரையில் குந்தியிருந்தாலும் எரிந்திருக்கும். நடந்ததால் மேலதிகமாக எரிந்தது 140 அளவில்தான். நான் 240க்குச் சாப்பிட்டிருக்கிறேன், உண்மையைச் சொன்னால் தயிரும் பாணியும் 240ஓடு நிற்கிற சாமானும் இல்லை.

அதே தாளின் பின்பக்கத்தில் இன்னொரு கணக்கும் போட்டான். "மாமி, நாளைக்கு எத்தின தேத்தண்ணி?" நாலு. "எத்தின கரண்டி சீனி?" இரண்டு. ஒரு மட்டக் கரண்டி 4 கிராம், 16 கலோரி. எட்டுக் கரண்டி 128. நான் விடியப்புறம் எழும்பி, நாய்களுக்குத் தடி கொண்டு, வேர்த்து விறுவிறுத்து நடந்த நடையும் என் தேத்தண்ணிச் சீனியும் ஏறத்தாழச் சமன். அன்றைக்கு வந்த கோபத்தில்தான் சீனி போடாத தேத்தண்ணிக்கு மாறினேன். முதல் இரண்டு கிழமை கசாயம் குடிக்கிற மாதிரி இருந்தது. இப்போது யாராவது சீனி போட்டுத் தந்தால் பாயாசம் மாதிரி இருக்கிறது.

பட்டி பொய் சொல்கிறது என்று சொல்ல வரவில்லை. அது மூன்றைத்தான் பார்க்கிறது. உள்ளே இருக்கும் அசைவுமானி கை ஆடுவதைப் பார்க்கிறது. அடியில் மின்னும் பச்சை வெளிச்சம் இரத்தம் துடித்துத் துடித்துப் போவதைப் பார்க்கிறது. மிச்சம் நாம் பதிந்த விபரம். இந்த மூன்றையும் வைத்துக் கலோரி என்பது குத்துமதிப்பு. 2017இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் ஏழு கருவிகளை 60 பேரில் கட்டிப் பரிசோதித்தார்கள். துடிப்பை ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரியில் ஆகத் திறமானதே சராசரி 27 சதவீதம் பிழைத்தது, ஆக மோசமானது 93 சதவீதம். கறுத்த தோலிலும் உடம்பு வைத்தவர்களிலும் நடக்கும்போதும் பிழை கூட வந்ததாம். அதாவது நான். இன்றைய கருவிகள் அதைவிடத் திருந்தியிருக்கலாம், ஆனால் பார்க்கும் விதம் அதேதான்.

என் வீட்டுப் பரிசோதனைக்கு ஸ்ரான்போர்ட் தேவைப்படவில்லை. திருவலையில் இரண்டு தேங்காய் திருவி, பிட்டுக்கு மா குழைத்து எழும்பினால் 400 அடி கூடியிருக்கும். பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னபோது காத்தான்குடியில் இருந்து வருகிற ரீச்சர் சிரித்துவிட்டார்: "அப்ப ரீச்சர், பிட்டவிச்சே மெலிஞ்சிரலாம் போல." படுவான்கரைக் கிறவல் றோட்டில் ஸ்கூட்டி குலுங்கினாலும் அடி கூடும். கரும்பலகையில் எழுதினாலும் கூடும். ஆனால் அதே றோட்டில் சைக்கிள் மிதித்துப் போனால் கை பிடியில் அசையாமல் கிடப்பதால் ஒன்றும் ஏறாது. புறப்பட முன் சைக்கிள் என்று நாமே தட்டிவிட வேண்டும். 2022இல் இது என் கையில் இருந்திருந்தால், அந்த வருஷம் முழுக்க நான் ஒரு வேலையும் செய்யவில்லை என்றுதான் எழுதியிருக்கும்.

மணல் இன்னொரு வேடிக்கை. கல்லடிக் கடற்கரையில், ஈர மணல் இல்லை, மேலே உள்ள பொருபொருத்த மணலில் நடந்து பாருங்கள். தார் றோட்டை விட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி போகிற வேலை அது. கால் புதைவதால் நடை குறுகும், ஆறுதலாகும். பட்டியில் அடி குறையும், துடிப்பு ஏறும். றோட்டில் நிமிஷத்துக்கு 108 தரம் துடிக்கிற என் இதயம் மணலில் 126. அடியை மட்டும் எண்ணுகிற பழைய சாதி என்றால் "இன்றைக்குக் குறைவு" என்றிருக்கும். துடிப்பும் பார்க்கிறதால் இது கொஞ்சம் ஈடு கட்டுகிறது. அதனால்தான் துடிப்புப் பார்க்கும் பட்டியாக வாங்குங்கள் என்கிறேன். மணிக்கட்டு எலும்புக்கு மேலே, ஒரு விரல் இடைவெளி விட்டு, ஆடாமல் கட்டுங்கள். காப்புப் போடுகிற கையில் கட்டினால் காப்பு தட்டித் தட்டி வெளிச்சம் புகுந்து குழப்பும். நான் இடக்கைக் காப்பைக் கழற்றி வலக்கைக்கு மாற்றினேன். என் மாமியாருக்குத்தான் மனமில்லை.

ஆனால் துடிப்பையும் கண்மூடி நம்ப முடியாது. வைகாசி ஆனியில் கச்சான் காற்று அனல் கொட்டும்போது, பள்ளிக்கூட வாசலில் இருந்து மெயின் றோட்டுவரை நடந்தாலே துடிப்பு பத்துப் பதினைந்து கூடும். உடம்பு தன்னைக் குளிர்விக்கத் தோலுக்கு இரத்தம் தள்ளுகிறது, அவ்வளவுதான். கொழுப்பு அதற்கேற்பக் கரைவதில்லை. பட்டிக்கு வெயில் தெரியாது. நான் ஏதோ கடும் வேலை செய்தேன் என்று கலோரியை ஏற்றிவிடும். மார்கழி மழையில் அதே தூரம் நடந்தால் குறைவாகக் காட்டும். ஆகவே ஆனியையும் மார்கழியையும் ஒப்பிடுவதை விட்டுவிட்டேன். அதே வழி, அதே நேரம், அதே மாதம் என்று பார்த்தால்தான் ஏதாவது தெரிகிறது. இரண்டு வருஷத்துக்கு முந்திய மாசியில் அந்த 45 நிமிஷ நடைக்குச் சராசரித் துடிப்பு 118, இந்த மாசியில் 106. கலோரியும் அதற்கேற்பக் குறைந்துதான் காட்டுகிறது. முன்பென்றால் கவலைப்பட்டிருப்பேன், இப்போது உடம்பு நடைக்குப் பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

2024இல் பெரியம்மாவோடு கதிர்காமப் பாதயாத்திரை போனேன். உகந்தை முருகனைக் கும்பிட்டுக் குமண, யால காட்டுக்குள் இறங்கினோம். காட்டுக்குள் கரண்ட் ஏது. துடிப்பை ஓயாமல் பார்ப்பதை நிறுத்தி பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை என்று மாற்றினேன், திரை தானாக எரிவதையும் நிறுத்தினேன். பற்றரி கதிர்காமம் வரை கிடந்தது. முதுகில் அரிசியும் தண்ணீருமாக எட்டுக் கிலோ. அது பட்டிக்குத் தெரியாது. என்னோடு வந்த பெரியம்மாவுக்கு எழுபதுக்கு மேல், வெறுங்கால், கையில் வேப்பிலை. "எவ்வளவு காட்டுது?" என்று ஒவ்வொரு தங்கலிலும் கேட்பார். 31,000 அடி என்றேன் ஒருநாள். "எனக்கும் அவ்வளவுதானே, சும்மா கிடைச்சிட்டுது" என்றார். வீட்டுக்கு வந்து தராசில் ஏறினால் ஒரு கிலோ குறைவு. மூன்றாம் நாள் அது திரும்பிவிட்டது, தண்ணீர்தான்.

பத்தாயிரம் அடி என்ற இலக்கும் என்னிடம் இல்லை. அது 1965இல் ஜப்பானில் ஒரு அடிமானி விற்க வைத்த பெயரில் இருந்து வந்த எண். எனக்கு 7,000. மா குழைத்ததைக் கழித்துப் பார்ப்பதும் நானே.

சாப்பாட்டைப் பதிகிற பகுதியை ஒரு கிழமையில் கைவிட்டேன். இடியப்பம் என்று தேடினால் எந்த அளவு என்று தெரியாது, சொதி இல்லவே இல்லை, சுறா வறைக்கு ஏதோ வெள்ளைக்காரப் பொரித்த மீனைக் காட்டுகிறது. அதற்குப் பதில் ஞாயிறு காலை தராசு. இப்போது 68 கிலோ. போன மாதம் வெறுவயிற்றுச் சீனி 97. இதில் ஒரு முட்டாள்தனம்: எடை குறைந்ததைப் பட்டியில் ஒரு வருஷமாகப் பதியாமல் விட்டிருக்கிறேன். ஆறு கிலோவுக்கு ஓய்வுக் கணக்கிலேயே நாளுக்கு 60 கலோரி கூடச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

தேய்மானம் பற்றி. ரப்பர் வார் இரண்டு முறை அறுந்தது. டவுனில் எங்கும் கிடைக்கும், ஆனால் துளை அளவு பார்த்து வாங்குங்கள். வேர்வைக்கு மணிக்கட்டில் பரு பரப்பியது, இரவில் கழற்றிக் கழுவிக் காயவிட்டதும் நின்றது. உப்புக் காற்றா வேர்வையா தெரியவில்லை, சார்ஜ் ஏறும் இரண்டு முனையிலும் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும். பற்றரி முதல் வருஷம் பன்னிரண்டு நாள் நின்றது, இப்போது ஆறு.

முகப்பில் இருந்த கலோரியைத் தூக்கிவிட்டேன். நேரம், அடி, துடிப்பு, இந்த மூன்றும்தான். அவருக்கும் ஒன்று வாங்கவா என்று போன கிழமை கேட்டேன். "உன்ர தயிர் எனக்கும் வரும் எண்டால் வாங்கு" என்றார்.