டெமோவில் கேட்டது ஒன்று, வீட்டுக்கு வந்தது வேறொன்று: ஹெட்போன் வாங்குவோர் கவனத்துக்கு

நல்ல ஹெட்போன் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் பணத்தைக் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். உயர்தர ஹெட்போன்களை மட்டுமே விற்கும் ஒருவரிடம் நான் ஏமாற்றப்பட்டேன். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் அவர் செய்த வேலையை யாரும், எங்கேயும் செய்ய முடியும். அதனால் நடந்ததை விவரமாகவே சொல்கிறேன்.

ஒப்பிட்டுக் கேட்டு வாங்கலாம் என்று அழைத்தார்கள். போனேன். ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் ஒரே ஆம்ப், அதிலிருந்து ஒரு ஸ்விட்ச் பெட்டி, அதில் மூன்று ஹெட்போன்கள். எல்லாம் ஓப்பன் பேக் வகை, அதாவது காதுக்கூட்டின் வெளிப்புறம் திறந்திருப்பவை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் ஸ்விட்சைத் தட்டுவார், நான் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்ட வேண்டும். அவர் விற்க நினைத்த மாடல் ஒவ்வொரு முறையும் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது. குரல் முன்னால் வந்து நின்றது, பேஸ் (தாழ்ந்த சுருதி ஒலி) நிறைவாக இருந்தது, பின்னணியில் யாரோ மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. “சத்தமே கூடுதலாகக் கேட்கிறதே, கொஞ்சம் குறைத்து ஒப்பிடலாமா?” என்று கேட்டேன். “வால்யூமை நான் தொடவே இல்லையே சார், நீங்களே பாருங்க. அதான் இந்த டிரைவரோட பவர்” என்றார். ஹெட்போனுக்குள் ஒலியை உண்டாக்கும் பாகம்தான் டிரைவர். அப்புறம் உடனே அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

வால்யூமைத் தொடவில்லை என்பது உண்மைதான். தொடாமல் விட்டதில்தான் சூது இருக்கிறது.

ஹெட்போன்களுக்கு இம்பீடன்ஸ் என்று, மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் ஓர் அளவு உண்டு, ஓம் கணக்கில் சொல்வார்கள். சென்ஹைசர் எச்டி 600 போன்றவை 300 ஓம். இன்னொரு பக்கம் 32 ஓம் மாடல்களும் ஏராளம். பேயர்டைனமிக் டிடி 990 மாடலையே 32, 250, 600 ஓம் என்று தனித்தனி வகைகளாக விற்றிருக்கிறார்கள். ஆம்ப் ஒரே மின்னழுத்தத்தைக் கொடுத்தால், 32 ஓம் ஹெட்போன் 300 ஓம் ஹெட்போனைப்போல ஒன்பது மடங்குக்கு மேல் மின்திறனை இழுத்துக்கொள்ளும். மற்றபடி இரண்டும் ஒரே செயல்திறன் உள்ளவை என்றால், கிட்டத்தட்ட 10 டெசிபெல் சத்தம் கூடிவிடும். காதுக்கு அது ஏறக்குறைய இரட்டிப்புச் சத்தம். எனக்குக் காட்டிய மூன்றில் அவர் விற்க நினைத்தது 32 ஓம் வகை, மற்ற இரண்டும் 300 ஓம். குமிழ் ஒரே இடத்தில் இருந்தால் எது ஜெயிக்கும் என்பது பாட்டு தொடங்குமுன்பே முடிவாகிவிட்டது.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. சத்த வித்தியாசம் ஒரு டெசிபெல் அளவில் இருந்தால் நமக்கு அது சத்தமாகவே தோன்றாது. தெளிவாக, உயிரோட்டமாக இருப்பதாகத் தோன்றும். 1933-ல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் வெளியிட்ட ஆய்வு இதன் ஒரு பகுதியை விளக்குகிறது: சத்தம் குறையக் குறையத் தாழ்ந்த சுருதி ஒலிகளை நம் காது அதிகமாகத் தவறவிடும். அதே ஹெட்போனில் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினாலே பேஸ் தடிமனாகிவிடும். ஆகவே சத்தத்தைச் சமன் செய்யாத ஒப்பீட்டில் தரத்தைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

பாட்டுகளும் அவருடைய தேர்வுதான். ஒரு பெண் குரல், ஒரு கிட்டார், பிசிறில்லாத ஒலிப்பதிவு. அப்படிப்பட்ட பதிவு எதில் போட்டாலும் இனிக்கும். நான் கொண்டுபோன பதிவுகளைப் போடச் சொன்னபோது “அந்த ஃபைல் குவாலிட்டி பத்தாது சார்” என்று தட்டிக் கழித்தார். நமக்குப் பழகிய பதிவுதான் உண்மையைச் சொல்லும். மிருதங்கத்தின் இடந்தலை எப்படிக் கும்மென்று அடங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது பொதபொதவென்று கேட்டால் எந்த விற்பனையாளரும் என்னைச் சமாதானப்படுத்த முடியாது.

சரி, டெமோ எப்படியோ போகட்டும். அந்த மாடல் அணிவதற்கு நிஜமாகவே சுகமாக இருந்தது. காதைச் சுற்றி அமரும் மெத்தை போன்ற பேட், காது உள்ளே எங்கும் இடிக்கவில்லை, கண்ணாடி போட்டிருந்தும் உறுத்தவில்லை. அதற்காகவே வாங்கினேன். “டெமோ பீஸைத் தர முடியாது, புது பீஸ் வீட்டுக்கு வரும்” என்றார்கள்.

வந்தது. மாட்டிய உடனேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. பேஸ் மெலிந்திருந்தது, ‘ஸ’ வரும் இடமெல்லாம் காதைக் கீறியது. காது மடல் உள்ளே இருக்கும் தகட்டில் உரசியது, ஒரு மணி நேரத்துக்குள் வலி. அழைத்துச் சொன்னேன். “புதுசு சார், 200 மணி நேரம் பர்ன்-இன் ஆகணும். தினமும் ஓட விடுங்க, அப்புறம் பாருங்க” என்றார். புது ஹெட்போனைப் பல மணி நேரம் ஓடவிட்டுப் பழக்குவதைத்தான் பர்ன்-இன் என்கிறார்கள். ரிட்டர்ன் காலம் எவ்வளவு என்று கேட்டதற்கு, “முதல்ல ஓட விடுங்க சார், நாங்க எங்க போகப்போறோம்” என்று பதில் வந்தது. ரிட்டர்ன் காலம் முடிந்த பிறகு மறுபடி அழைத்தபோது பேச்சே மாறிவிட்டது. “பயன்படுத்திய பொருள், தோலில் பட்ட பேட், சுகாதாரக் காரணத்தால் திரும்ப எடுக்க முடியாது.” ஓட விடச் சொன்னதும் அவர்தான், ஓடவிட்டதைக் காரணம் காட்டி மறுத்ததும் அவர்தான்.

பர்ன்-இன் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹெட்போன் பழகப் பழகச் சில மாற்றங்கள் வருவது உண்மை. பேட் உடல் சூட்டிலும் அழுத்தத்திலும் படிந்து முகத்தோடு பொருந்தும். ஹெட்பேண்டின் இறுக்கம் தளரும். எச்டி 600 புதிதில் நன்றாகவே பிடிக்கும், போகப்போக இளகும். நம் மூளையும் அந்த ஒலிக்குப் பழகிவிடும். ஆனால் மெலிந்த பேஸ் ஓட ஓடக் கொழுக்கும், குத்தும் ட்ரெபிள் (உயர்ந்த சுருதி ஒலி) தானாக மழுங்கும் என்று சொல்லி ரிட்டர்ன் காலத்தைத் தின்ன வைப்பது வேறு விஷயம். 200 மணி நேரம் என்றால் தினம் ஆறேழு மணி நேரம் ஓட்டினாலும் ஒரு மாதம். பெரும்பாலான ரிட்டர்ன் காலங்கள் அதற்குள் முடிந்துவிடும்.

உண்மை வெளிவந்தது ஒரு நண்பரால்தான். அவரிடம் அதே மாடல் இருக்கிறது, பல காலமாகப் பயன்படுத்துகிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என்னுடையதில் பேட் மெல்லியது, உள்பக்கத் துளைகள் வேறு மாதிரி, தையல் வேறு. அவருடைய பேடைக் கழற்றி என் ஹெட்போனில் பொருத்தினோம். டெமோவில் கேட்ட பேஸ் அப்படியே திரும்பி வந்தது, காது உரசலும் நின்றது. என் பேடை அவருடையதில் மாட்டினால் அது கீறத் தொடங்கியது. டிரைவர் நல்லதுதான், பேட்தான் வேறு ஏதோ மலிவுச் சரக்கு. பிறகு வரிசை எண்ணைப் பார்த்தோம். பெட்டியில் ஓர் எண், ஹெட்போனில் வேறு எண். யாரோ பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்த பொருளுக்கு ஏதோ ஒரு பேடைப் போட்டு, வேறு பெட்டியில் அடைத்து, புதிது என்று எனக்கு விற்றிருக்கிறார்கள். இதைப் படங்களோடு அனுப்பிய நாளிலிருந்து அங்கிருந்து பதிலே இல்லை.

பேட் என்றால் சொகுசுக்கான பஞ்சு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது ஒலியின் ஒரு பாகம். டிரைவருக்கும் காதுக்கும் நடுவில் எவ்வளவு தூரம், ஓரங்களில் எவ்வளவு காற்று கசிகிறது, உள்சுவர் ஒலியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதையெல்லாம் பேட்தான் தீர்மானிக்கிறது. கசிவு கூடினால் பேஸ் போய்விடும். மூக்குக்கண்ணாடியின் கம்பி இடையில் புகுந்தாலே, குறிப்பாக வெளிப்புறம் மூடிய குளோஸ்டு பேக் வகையில், வித்தியாசம் தெரியும். ஒலி வேறு, சுகம் வேறு என்று பிரித்துப் பேசும் விமர்சனங்களை நான் இப்போது நம்புவதில்லை.

ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹர்மன் நிறுவனத்தில் ஆய்வாளர்கள் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் ஹெட்போன்களை ஒப்பிட்ட முறை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. வெவ்வேறு ஹெட்போன்களின் ஒலித்தன்மையை அளந்து, அவற்றை ஒரே ஹெட்போன் வழியாகப் போலச்செய்து கேட்க வைத்தார்கள். எடையும் பிடியும் பிராண்டும் கேட்பவரின் தீர்ப்பில் கலந்துவிடக்கூடாது என்பதற்காக. அதே போல 2017-ல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 200-க்கும் மேற்பட்ட ஹெட்போன்களின் அளவீடுகளை ஆராய்ந்து, விலைக்கும் அதிர்வெண் சமநிலைக்கும் (பேஸ் முதல் ட்ரெபிள் வரை எது எவ்வளவு கேட்கிறது என்பதற்கும்) தொடர்பு தென்படவில்லை என்று எழுதினார். விலை கூடினால் ஒலி கூடும் என்று விற்பனையாளர் சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி டெமோவுக்குப் போனால் வால்யூம் குமிழை நீங்களே பிடியுங்கள். பிங்க் நாய்ஸ் எனப்படும் இரைச்சல் ஃபைல் ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு ஹெட்போனையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகு பாட்டைக் கேளுங்கள். காதால் சமன் செய்தால்கூட ஓரளவு போதும், அளவுமானி இருந்தால் இன்னும் நல்லது. இடது வலதை மாற்றி மாட்டியும் கேளுங்கள்: குரல் ஒரு பக்கம் சாய்ந்தால், சாய்வது ஹெட்போனா உங்கள் காதா என்று தெரிந்துவிடும்.

சுகத்தைப் பத்து நிமிடத்தில் அறிய முடியாது. எச்டி 600 எடை 260 கிராம், எச்டி 800 எடை 330 கிராம், தட்டையான சவ்வு டிரைவர் கொண்ட பிளேனர் வகையில் சில மாடல்கள் அரைக் கிலோவைத் தாண்டும். மாட்டியதும் எல்லாமே தாங்கக்கூடியதாகத்தான் இருக்கும். உச்சந்தலையில் ஒரே இடத்தில் பாரம் இறங்குகிறதா, தாடை ஓரம் வலிக்கிறதா, கழுத்து சோர்கிறதா என்பதெல்லாம் ஒரு முழு ஆல்பம் கேட்ட பிறகே தெரியும். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு உட்கார்ந்து கேளுங்கள். அவ்வளவு நேரம் தர மறுக்கும் இடத்தில் நான் இனி வாங்கப் போவதில்லை.

பெட்டி வந்ததும் முதல் வேலை வரிசை எண்ணைச் சரிபார்ப்பது. பிறகு பேடின் உள்பக்கத்தைப் படம் எடுத்துத் தயாரிப்பாளரின் படங்களோடு ஒப்பிடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பிளக்கின் முனைக்கும் அடிப்பகுதிக்கும் இடையே மின்தடையைப் பாருங்கள். 300 ஓம் என்று விற்ற டைனமிக் (கம்பிச்சுருள் டிரைவர் கொண்ட) ஹெட்போன் 30 ஓம் பக்கம் காட்டினால் அது சொன்ன பொருள் இல்லை. பர்ன்-இன் செய்யச் சொன்னால், அதுவரை ரிட்டர்ன் காலத்தை நீட்டித்து எழுத்தில் தரக் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னதெல்லாம் எனக்குப் புகாரில் உதவவில்லை, மின்னஞ்சலில் இருந்தவை மட்டுமே உதவுகின்றன.

தயாரிப்பாளரிடமிருந்து அசல் பேடை வரவழைத்துப் போட்டுவிட்டேன், ஹெட்போன் இப்போது ஒழுங்காக இருக்கிறது. பேடுக்கான செலவையும், பழைய பொருளைப் புதிது என்று விற்றதற்கான ஈட்டையும் புகாரில் கேட்டிருக்கிறேன். இதே போல வரிசை எண் பொருந்தாத பெட்டி உங்களுக்கும் வந்திருந்தால், பேடை மாற்றுவதற்கு முன்பே படம் எடுத்து, ரசீதோடு பத்திரப்படுத்தி, உடனே எழுத்தில் புகார் கொடுத்துவிடுங்கள்.