டாலர் செக்கை இங்கே போடுவதா, அங்கேயே போட்டுப் பணமாக வரவழைப்பதா?

போன வருஷம் மார்ச் மாதம் நியூ ஜெர்சி எடிசனிலிருந்து கோவைக்கே திரும்பி வந்துவிட்டோம். ஒன்பது வருஷ வாழ்க்கையை மூட்டை கட்டி முடித்தாயிற்று என்று நிம்மதியாக இருந்தபோது, பின்னாலேயே தபாலில் மூன்று செக்குகள் வந்தன. கார் இன்ஷூரன்ஸை ரத்து செய்ததில் மீதி 112 டாலர். குடியிருந்த அபார்ட்மெண்டின் அட்வான்ஸ் 1,840 டாலர். மாநில வருமான வரி ரீஃபண்டு 386 டாலர். இவை போக, கிளம்பும்போது கையில் எடுத்து வந்த நோட்டாக 1,400 டாலர்.

இன்ஷூரன்ஸ் செக்கை கோவையிலேயே வங்கியில் போட்டோம். மற்ற இரண்டையும் அமெரிக்கக் கணக்கில் போட்டு, பணமாக இங்கே வரவழைத்தோம். இரண்டு வழியிலும் நடந்து பார்த்துவிட்டதால் சொல்கிறேன்: அமெரிக்கக் கணக்கு உயிரோடு இருக்கும்வரை டாலர் செக்கை இந்திய வங்கிக்குக் கொண்டு போகாதீர்கள். கடல் தாண்டி வர வேண்டியது பணம்தான், செக் இல்லை.

முதலில் இங்கே போட்ட கதை. வெளிநாட்டுச் செக்கை எல்லாக் கிளைகளிலும் வாங்குவதில்லை. மூன்றாவதாகப் போன கிளையில் வாங்கினார்கள். உள்ளூர் செக் போல மறுநாள் கிளியராகிற விஷயம் இல்லை இது. கலெக்‌ஷனுக்கு அனுப்புவார்கள். நம் கிளையிலிருந்து அந்த வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவுக்கு, அங்கிருந்து அமெரிக்காவில் அவர்களுக்குக் கணக்கு இருக்கும் வங்கிக்கு, அங்கிருந்து செக் கொடுத்தவரின் வங்கிக்கு. பணம் அதே பாதையில் திரும்பி வர வேண்டும். எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. அங்குள்ள வங்கி 25 டாலர் எடுத்துக்கொண்டது. இங்கே கமிஷன், கூரியர், அதன்மேல் ஜிஎஸ்டி. 112 டாலருக்கு அன்றைய மதிப்பில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய் வந்திருக்க வேண்டும். கணக்கில் ஏறியது ஆறாயிரத்துச் சொச்சம்.

பணத்தை விட என்னை அலைய வைத்தது பெயர். இது நம் ஆட்களுக்கே உள்ள பிரச்சினை. பாஸ்போர்ட்டில் என் அப்பா பெயர் கடைசிப் பெயராகப் போய்விட்டதால், அமெரிக்காவில் எல்லா இடத்திலும் அதுதான் என் குடும்பப் பெயர். செக்கிலும் அப்படியே அச்சாகியிருந்தது. கல்லூரி நாளில் திறந்த கோவைக் கணக்கில் அதே அப்பா பெயர் ஓர் இனிஷியல் மட்டும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று பாஸ்போர்ட் நகல், ஆதார் நகல், கையெழுத்திட்ட கடிதம் எல்லாம் கொடுத்த பிறகுதான் செக்கை அனுப்பினார்கள். ஏழு வாரம் என்று நான் சொல்வது அதற்குப் பிறகான கணக்கு. செக்கின் முகப்பில் ‘90 நாளுக்குப் பின் செல்லாது’ என்று பொடி எழுத்தில் இருந்தது வேறு. அமெரிக்க அரசுக் கருவூலத்தின் செக் ஒரு வருஷம் செல்லும். தனியார் செக்கை ஆறு மாதத்துக்கு மேல் ஆனால் வங்கி மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அதற்கும் குறைவாகவே தேதி வைப்பதுண்டு. தபாலில் இரண்டு வாரம், பெயர்ப் பிரச்சினையில் பத்து நாள் என்று போனால் அந்த 90 நாளில் பெரிய பங்கு அப்போதே கரைந்துவிடுகிறது.

சரி, அடுத்த வழி. அட்வான்ஸ் செக் வந்தபோது, எடிசனில் இருந்த நாளில் செய்தது போலவே அமெரிக்க வங்கியின் ஆப்பில் படம் எடுத்துப் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. அங்கே 2004 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், காகிதச் செக்கின் நகலையே அசலுக்குச் சமமாக்கியது. போனில் படம் எடுத்துச் செக் போடும் வசதியெல்லாம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

செக்கில் எங்கள் இருவர் பெயரும் ‘அண்டு’ போட்டு அச்சாகியிருந்தது. ‘ஆர்’ என்று இருந்தால் ஒருவர் கையெழுத்துப் போதும். ‘அண்டு’ என்றால் இரண்டு பேரும் பின்பக்கம் கையெழுத்திட வேண்டும். கூட்டுக் கணக்கில் போடுவதுதான் சிக்கல் இல்லாத வழி. பின்பக்கத்தில் மேலே ஒன்றரை அங்குலம்தான் நமக்கு உரிய இடம். கோட்டுக்குக் கீழே பேனா படக்கூடாது. அதில் இரண்டு கையெழுத்து, அவற்றுக்குக் கீழே ‘ஃபார் மொபைல் டெபாசிட் ஒன்லி’ என்ற வரி. வெள்ளைச் செக்கை வெள்ளை டைல்ஸ் மேல் வைத்தபோது ஆப்புக்கு ஓரம் பிடிபடவே இல்லை. அம்மாவின் கறுப்புப் பட்டுப் புடவைப் பெட்டியின் மூடியைத் திருப்பிப் போட்டு அதன்மேல் வைத்தோம். ஃபேனை நிறுத்தி, ஜன்னலோரம் வெளிச்சம் பார்த்து எடுத்தோம். மூன்றாவது தடவை எடுத்துக்கொண்டது. இரண்டாவது வேலை நாளில் முழுப் பணமும் கணக்கில் ஏறிவிட்டது. ஒரு சென்ட் கூடப் பிடிக்கவில்லை. ரீஃபண்டு செக்கும் அப்படியே.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் பார்த்தது ஒரே ஒரு வங்கியின் ஆப்பைத்தான். வெளிநாட்டிலிருந்து திறந்தால் செக் போடும் பகுதியை மட்டும் மூடிவைக்கும் ஆப்புகளும் உண்டு. ஒரு நாளைக்கு, ஒரு மாதத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் உண்டு. கிளம்பும் முன்பே இரண்டையும் வங்கியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து பணம் இங்கே வருவது சுலபமான பகுதி. வங்கியே நேராக அனுப்பும் ஒயர் பரிமாற்றம் என்றால் பொதுவாக 35 முதல் 50 டாலர் வரை கட்டணம். பெரிய தொகைக்குப் பரவாயில்லை, நம்முடைய தொகைக்கு அது அதிகம். வைஸ் போன்ற பணம் அனுப்பும் ஆப்புகளில் சந்தையின் நடு விலையில் (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ளது) மாற்றி, கட்டணத்தைத் தனியாகக் காட்டுவார்கள். ரெமிட்லி போன்றவற்றில் முதல் தடவைக்கு மட்டும் சலுகை விலை இருக்கும். அதைப் பார்த்து எல்லாத் தடவையும் அதே விலை என்று கணக்குப் போடக்கூடாது. எதுவானாலும் கடைசியில் எத்தனை ரூபாய் கையில் வரும் என்ற ஒரே வரியை ஒப்பிட்டால் போதும். 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 1 சதவீத வரி வந்திருக்கிறது. ஆனால் அது ரொக்கம், மணி ஆர்டர், காஷியர் செக் (வங்கியே தன் பெயரில் எழுதித் தருவது) கொடுத்து அனுப்பினால்தான். அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்து போனால் இல்லை. கணக்கை மூடாமல் வைத்திருக்க இது இன்னொரு காரணம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்த வழி முழுக்க அந்த அமெரிக்கக் கணக்கு உயிரோடு இருப்பதை நம்பித்தான் இருக்கிறது. அதை உயிரோடு வைக்கக் கொஞ்சம் பாடுபட வேண்டும்.

திரும்பி வந்தவர்கள் வெளிநாட்டுக் கணக்கை மூடிவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெளிநாட்டில் வசித்த காலத்தில் சேர்த்ததைத் தொடர்ந்து வைத்திருக்க ஃபெமா என்ற இந்திய அந்நியச் செலாவணிச் சட்டத்தின் 6(4) பிரிவு அனுமதிக்கிறது. வரிக் கணக்கில் நீங்கள் முழு வசிப்பாளர் ஆன பிறகு, ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் அந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். அதில் நிதியாண்டு அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரையான கணக்கு. ஆடிட்டரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது போன் நம்பரில். ஒவ்வொரு தடவை ஆப்பைத் திறந்தாலும் ஓடிபி அமெரிக்க நம்பருக்குத்தான் போகிறது. ஊருக்குக் கிளம்புகிற வாரம் வீடு, கார், இண்டர்நெட் என்று எல்லாவற்றையும் ரத்து செய்கிற வேகத்தில் போனையும் ரத்து செய்துவிட்டால் கணக்கின் சாவியே போய்விடுகிறது. நாங்கள் இரண்டு நம்பரையும் இரண்டு விதமாக வைத்துப் பார்த்தோம். கணவருடைய நம்பரை இணைய வழி நம்பராக மாற்றினோம். மாதச் செலவே இல்லை, கால் எல்லாம் வருகிறது. ஆனால் வங்கிகள் ஐந்தாறு இலக்கக் குறுநம்பரிலிருந்து அனுப்பும் ஓடிபி அதற்கு வரவே இல்லை. என்னுடையதை மாதம் ஐந்து டாலர் அளவிலான மலிவுத் திட்டத்துக்கு மாற்றி, இ-சிம்மாக என் பழைய போனில் வைத்தேன். வைஃபை வழியாகவே காலும் மெசேஜும் வரவைக்கும் வைஃபை காலிங்கை எடிசனில் இருக்கும்போதே ஆன் செய்து, அது கேட்கும் அவசர அழைப்புக்கான முகவரியைக் கொடுத்து, ஒரு ஓடிபி வரவழைத்துப் பார்த்த பிறகுதான் விமானம் ஏறினேன். ஆர்.எஸ்.புரம் வீட்டு வைஃபையில் இன்று வரை ஓடிபி தவறியதில்லை. வருஷத்துக்கு அறுபது டாலர். முதல் செக்கில் மட்டும் இங்கே போனது ஏறக்குறைய நாற்பது டாலர் என்று பார்த்தால், இது எனக்குச் செலவாகவே தெரியவில்லை.

அப்புறம், வெளிநாட்டு முகவரிக்கு மாறிவிட்டதை வங்கியிடம் சொல்வது. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல் விசாவில் இருந்து திரும்பியவர்கள், வங்கிக்கு டபிள்யூ-8பென் படிவம் கொடுத்து வெளிநாட்டுவாசி ஆகிவிட்டதைத் தெரிவிக்க வேண்டும். கொடுத்தால் அங்குள்ள வைப்பு வட்டிக்கு அமெரிக்க வரி இல்லை. கையெழுத்திட்ட வருஷத்துக்குப் பிறகு மூன்று வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அடுத்தது, மினிமம் பேலன்ஸ் கேட்காத கணக்காகக் கிளம்பும் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கு தூங்கவும் கூடாது. வருஷக்கணக்கில் எந்த நடமாட்டமும் இல்லையென்றால், பல மாநிலங்களில் மூன்று முதல் ஐந்து வருஷத்துக்குள், உரிமை கோராத சொத்தாகப் பணம் மாநில அரசுக்குப் போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானே செக்கிங்கிலிருந்து சேவிங்ஸுக்குப் பத்து டாலர் மாற்றுகிறேன். அவ்வளவுதான் வேலை.

நோட்டு விஷயத்துக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. நோட்டாக 5,000 டாலருக்கு மேல் கொண்டு வந்தால் விமான நிலையத்தில் படிவத்தில் அறிவிக்க வேண்டும். திரும்பி வந்தவர் 2,000 டாலர் வரை நோட்டாகவே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உள்ளதை 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். எங்கே மாற்றுவது என்றால், அங்கீகாரம் பெற்ற மணி சேஞ்சர்தான். எஸ்பிஐ தினமும் வெளியிடும் விலைப்பட்டியலைப் பாருங்கள். கணக்கு வழியாக வரும் டாலருக்கு ஒரு விலை, நோட்டுக்கு அதைவிடக் குறைவாக இன்னொரு விலை. அந்த நோட்டு விலையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மணி சேஞ்சருக்குப் போன் செய்தால், வங்கியை விட ஒரு ரூபாய்க்கு மேலேயே கூடுதலாகக் கிடைத்தது. நூறு டாலர் நோட்டுக்கு நல்ல விலை. பேனாக் கிறுக்கல், கிழிசல் இருந்தால் குறைத்துக் கேட்பார்கள். ஜிஎஸ்டி சின்னத் தொகைதான்: ஒரு லட்சம் ரூபாய்க்கு மாற்றினால் 180 ரூபாய். ரசீதை மட்டும் தவறாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கேயே செக் போடுவது யாருக்குச் சரி? அமெரிக்கக் கணக்கை ஏற்கெனவே மூடிவிட்டவர்களுக்கும், வாரிசுப் பணம் போல ஒரே பெரிய செக் வந்தவர்களுக்கும். அப்போது வங்கியில் ஒன்று கேளுங்கள்: கேஷ் லெட்டரா, கலெக்‌ஷனா? முதலாவதில் சில நாளில் கணக்கில் வரவு வைப்பார்கள், ஆனால் செக் பிறகு திரும்பினால் அந்தப் பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது மெதுவானது, ஆனால் பணம் கைக்கு வந்த பிறகே வரவு. தொகை பெரியதென்றால் நான் இரண்டாவதைத்தான் கேட்பேன். டாலராகவே இந்தியாவில் வைக்க ஆர்எஃப்சி கணக்கு இருக்கிறது. நான் அதைத் திறக்கவில்லை, அதனால் அனுபவமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

எங்களுக்கு இன்னும் வர வேண்டியது கணவருடைய கம்பெனியின் கடைசி மருத்துவச் செலவுப் பாக்கி ஒன்று. செக் அனுப்பவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லி, அமெரிக்க வங்கியை அடையாளம் காட்டும் ரவுட்டிங் நம்பரையும் கணக்கு நம்பரையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பழைய போனை ஞாயிறு தோறும் சார்ஜில் போட்டு வைக்கிறேன்.