ஹைவ்: விலை விழுந்த காலத்தில் எழுதுகிறவருக்கு என்ன மிச்சம்?

எழுதுவதற்கும் வாக்களிப்பதற்கும் டோக்கன் தரும் பிளாக்செயின் தளமான ஹைவில் எழுத வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த டோக்கனின் விலை ஏறும்போது வருகிறார்கள். இறங்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார்கள். போகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு காலத்தில் நாற்பது டாலர் காட்டிய மாதிரியான பதிவு இப்போது ஐந்து டாலர் காட்டினால் யாருக்குத்தான் கை ஓடும்? ஆனால் அந்த ஐந்து டாலரைப் பிரித்துப் பார்க்காமல் கணக்கை மூடுவது அவசரம். திரையில் தெரிகிற எண் டாலரில் இருக்கிறது, பட்டுவாடா ஆவதோ டோக்கனில். சரிவுக் காலத்தின் லாப நஷ்டம் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

தளத்தின் டோக்கனுக்கும் ஹைவ் என்றே பெயர். புதிதாக உருவாகும் ஹைவில் 65 சதவீதம் எழுதுகிறவர்களுக்கும் வாக்களிக்கிறவர்களுக்கும் பொதுவான ரிவார்டு பூல் என்ற பரிசுத் தொகுப்புக்குப் போகிறது. மீதியில் 15 சதவீதம் ஹைவ் பவர் (கணக்கில் பூட்டி வைத்த ஹைவ்) வைத்திருப்பவர்களுக்கு, 10 சதவீதம் பிளாக்செயினை ஓட்டும் விட்னஸ்களுக்கு, 10 சதவீதம் வளர்ச்சி நிதிக்கு. மூன்று வினாடிக்கு ஒரு பிளாக். 250,000 பிளாக்குக்கு ஒருமுறை பணவீக்க விகிதம் 0.01 சதவீதப் புள்ளி இறங்கும். இந்தக் கணக்கில் சந்தை விலைக்குப் பெரிய வேலை இல்லை. விலை இரண்டு டாலரானாலும் கால் டாலரானாலும் ஒரு நாளில் பூலுக்கு வரும் ஹைவின் எண்ணிக்கை கிட்டத்தட்ட அதேதான்.

ஒரு பதிவுக்குப் பூலிலிருந்து 20 ஹைவ் ஒதுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி வாக்களித்தவர்களுக்கு, பாதி எழுதியவருக்கு. எழுதியவரின் 10 ஹைவில், வழக்கமான 50/50 அமைப்பில், 5 ஹைவ் பவராகச் சேரும். மற்ற ஐந்தின் மதிப்பு எச்பிடியாக வரும். எச்பிடி என்பது ஒரு டாலரை ஒட்டியே நிற்கும்படி வடிவமைத்த ஹைவின் இன்னொரு நாணயம். ஹைவ் 2 டாலருக்கு விற்கும்போது இந்தப் பதிவு தருவது 10 எச்பிடியும் 5 பவரும். 0.25 டாலருக்கு இறங்கினால் 1.25 எச்பிடியும் அதே 5 பவரும். பத்து ஒன்றேகால் ஆனதுதான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. வாக்கின் எடையைத் தீர்மானிக்கிற பவர் பக்கத்தில் ஒன்றும் குறையவில்லை.

இங்கேதான் ஒரு தப்புக் கணக்கும் பிறக்கிறது. ‘ஆட்கள் பாதியாகிவிட்டார்கள், ஆகவே இருக்கிறவர்களுக்குப் பங்கு இரண்டு மடங்கு’ என்று சொல்லித் திரிகிறவர்கள் ஒவ்வொரு சரிவிலும் உண்டு. பூலைப் பங்கு பிரிப்பது தலைகளின் எண்ணிக்கை இல்லை, வாக்களிக்கும் பவரின் அளவு. சரிவில் முதலில் கிளம்புகிறவர்கள் சிறிய கணக்குக்காரர்கள். பெரிய பவர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள், அவர்களின் தானியங்கி வாக்குகளும் நிற்பதில்லை. எனவே ஒரு வாக்கின் டோக்கன் மதிப்பு கூடினாலும் சற்றுத்தான் கூடும். நிஜமாகக் குறைவது பதிவுகளின் கூட்டம். வாக்கு கையில் இருக்கிறது, போடத் தகுந்த பதிவு இல்லை என்ற நிலைதான் எழுதுகிறவருக்குக் கிடைக்கும் இடைவெளி.

காரணம் வாக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. முழு அப்வோட் ஒன்று வோட்டிங் மானாவில், அதாவது வாக்களிக்கும் சக்தியின் இருப்பில், 2 சதவீதத்தைத் தின்னும். நாளொன்றுக்கு 20 சதவீதம் ஊறி வரும். ஆக ஒரு நாளைக்குப் பத்து முழு வாக்கு. 100 சதவீதத்தில் நிரம்பி நின்றுவிட்டால் அதற்குமேல் ஊறுவது வீண். வாக்களிப்பதால் வரும் க்யூரேஷன் வருமானமும் அந்தக் கணக்குக்காரர்களுக்குப் போச்சு. அப்படி நிரம்பி நிற்கிற கணக்குகள் சரிவுக் காலத்தில் பெருகும். ஹைவைப் படிக்கவும் எழுதவும் உதவும் பீக்டி இணையதளத்தில் எந்தக் கணக்கின் பக்கத்தைத் திறந்தாலும் அதன் வோட்டிங் பவர் எத்தனை சதவீதம், முழு வாக்கின் மதிப்பு எவ்வளவு என்று தெரியும். உங்கள் துறையில் எழுதும் இரண்டு மூன்று பேரின் பதிவுகளில் வாக்களித்தவர்கள் பட்டியலை மதிப்பு வாரியாகப் பாருங்கள். ஒவ்வொரு பதிவிலும் வெளியான அதே நிமிடக் கணக்கில் வந்து விழும் வாக்கு தானியங்கி. அதன் பின்னால் நேரத்தை வீணாக்க வேண்டாம். நேரம் முன்னே பின்னே இருந்து, நடுநடுவே பின்னூட்டமும் போட்டிருந்தால் அங்கே மனிதர் இருக்கிறார். அவர்கள் எந்தக் கம்யூனிட்டிகளில் புழங்குகிறார்கள் என்று குறித்துக்கொண்டு அங்கே எழுதுவதும், அவர்களின் பதிவுகளைப் படித்து விஷயத்தோடு பின்னூட்டம் இடுவதும்தான் வேலை. ‘அருமையான பதிவு’ என்ற ஒற்றை வரிப் பின்னூட்டம் எந்தக் காலத்திலும் எடுபட்டதில்லை. ஆள் குறைவான காலத்தில் இன்னும் பளிச்சென்று தெரியும்.

2021 ஜூனில் நடந்த 25-ஆம் ஹார்டுஃபோர்க்குக்கு (சங்கிலியின் விதிகளை மாற்றும் மேம்படுத்தல்) பிறகு, முதல் 24 மணி நேரத்துக்குள் போடும் வாக்குகளுக்கு எல்லாம் க்யூரேஷன் பங்கில் ஒரே எடை. அதற்குமேல் 72 மணி நேரம் வரை வாக்களித்தவருக்குக் கிடைக்கும் எடை பாதியாகும், பிறகு எட்டில் ஒன்றாகும். பட்டுவாடா ஏழாம் நாள். ஆகவே பதிவை வெளியிட்டுவிட்டு இரண்டு நாள் காணாமல் போவது நல்ல பழக்கம் இல்லை. முதல் நாளில் வரும் பின்னூட்டத்துக்கு முதல் நாளிலேயே பதில் போனால்தான் அடுத்தவர் கண்ணிலும் பதிவு படும்.

சின்னக் கணக்குக்காரர்கள் அதிகம் கோட்டை விடுவது பின்னூட்டங்களுக்குப் போடும் வாக்கில். ஒரு பதிவோ பின்னூட்டமோ மொத்தமாக 0.02 எச்பிடியைத் தொடாவிட்டால் அதற்குப் பட்டுவாடாவே இல்லை. விலை நன்றாக இருந்தபோது தனி ஆளாக இந்த எல்லையைத் தாண்டிய வாக்கு, விலை விழுந்ததும் தாண்டாது. பத்துப் பின்னூட்டங்களுக்குப் பிரித்துப் போட்ட வாக்கு பத்தும் பூலுக்கே திரும்பிவிடும். நன்றி சொன்னது மட்டும் மிச்சம். உங்கள் முழு வாக்கு 0.02-க்குக் கீழே போயிருந்தால், ஏற்கெனவே கொஞ்சம் மதிப்பு ஏறிய பதிவுகளிலும் பின்னூட்டங்களிலும் போடுங்கள்.

பட்டுவாடா அமைப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பதிவை வெளியிடும்போது 50/50 அல்லது 100 சதவீதம் பவர் அப் (எழுதியவர் பங்கு முழுவதும் ஹைவ் பவராக) என்று தேர்ந்தெடுக்கலாம். ‘பவரைச் சேர்க்கத்தானே போகிறோம், நேரே நூறு போட்டுவிடுவோம்’ என்று பலர் நினைக்கிறார்கள். விலை இறங்கிக்கொண்டிருக்கும்போது அது நஷ்டம். எச்பிடி பங்கைக் கணக்கிடப் பயன்படும் விலை அந்த நொடியின் சந்தை விலை இல்லை; விட்னஸ்கள் தரும் விலைகளின் மூன்றரை நாள் இடைநிலை. இறங்குமுகத்தில் இந்த இடைநிலை சந்தையைவிட மேலேயே நிற்கும். உங்கள் பங்கில் 10 ஹைவ் எச்பிடியாக மாற வேண்டும், இடைநிலை விலை 0.30, சந்தை விலை 0.25 என்றால், 50/50-இல் 3 எச்பிடி கிடைக்கும். அதைக் கொண்டு பிளாக்செயினுக்குள்ளேயே இருக்கும் உள்சந்தையில் ஹைவ் வாங்கினால் 12 வரும். உள்சந்தையில் கட்டணம் கிடையாது. நூறு சதவீதப் பவர் அப் போட்டிருந்தால் அதே பங்கு வெறும் 10. விலை ஏறும்போது இதே கணக்கு தலைகீழாகும், அப்போது நூறுதான் லாபம். எச்பிடி சந்தையில் ஒரு டாலரை ஒட்டி இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செய்யுங்கள், அது 0.90-க்கு இறங்கியிருந்தால் மேலே சொன்ன வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். அப்படி இறங்கிய நேரத்தில் எச்பிடியைக் கன்வர்ட் போடும் வழி இருக்கிறது: மூன்றரை நாள் கழித்து, ஒரு எச்பிடிக்கு ஒரு டாலர் மதிப்புள்ள ஹைவ் தரும். அந்த மூன்றரை நாளில் ஹைவ் விலை எங்கே போகும் என்ற ஆபத்து உங்களுடையது. எதிர்த்திசையில், ஹைவை எச்பிடியாக மாற்றும் கன்வர்ட்டுக்கு 5 சதவீதம் கட்டணம் உண்டு, பிணையும் வைக்க வேண்டும். அவசரத்துக்கு உதவும், பழக்கமாக்க வேண்டாம்.

கையில் சேரும் எச்பிடியைச் சேவிங்ஸில் போட்டால் வட்டி உண்டு. வட்டி விகிதத்தை விட்னஸ்கள் முடிவு செய்கிறார்கள். வெகுகாலம் 20 சதவீதமாக இருந்தது, பிறகு 15-க்கு இறக்கினார்கள். நாளைக்கு இன்னும் மாற்றலாம். வெளியே எடுக்க மூன்று நாள் காத்திருக்க வேண்டும். வட்டி 30 நாளுக்கு ஒருமுறைதான் வரவாகும், அதுவும் தானாக நடக்காது. சேவிங்ஸில் ஏதாவது ஒரு பரிவர்த்தனை செய்து எழுப்பிவிட வேண்டும். இதை வங்கி வைப்புத்தொகை மாதிரி விளம்பரம் செய்கிறவர்களை நம்ப வேண்டாம். எச்பிடிக்குப் பின்னால் நிற்பது ஹைவ்தான். புழக்கத்தில் இருக்கும் எச்பிடியின் கடன் அளவு ஹைவின் மொத்த மதிப்பில் 30 சதவீதத்தைத் தாண்டினால், ஒரு எச்பிடிக்கு ஒரு டாலர் என்ற உறுதி போய்விடும். 2022 அக்டோபருக்கு முன்பு அந்த வரம்பு 10 சதவீதமாக இருந்தது. ஹைவ் விலை விழ விழ இந்த விகிதம் தானாக ஏறும்; அதாவது பாதுகாப்பு எப்போது வேண்டுமோ அப்போதுதான் அது மெலியும். சரிவு நீளும்போது பார்க்க வேண்டிய முதல் எண் இது. விகிதம் வரம்பை நெருங்கினாலே பதிவுகளின் எச்பிடி பங்கு குறைந்து, அந்த இடத்தில் ஹைவ் வரத் தொடங்கும். பட்டுவாடாவில் திடீரென்று நாணயம் மாறி வந்தால் கோளாறு என்று பதற வேண்டாம்.

சொந்தப் பணத்தைப் போட்டு விழுந்த விலையில் பவர் வாங்கலாமா? ஹைவ் பவரைத் திரும்ப ஹைவாக்க (பவர் டவுன்) 13 வாரத் தவணை. வாரத்துக்கு ஒரு தவணை, அவசரம் என்றாலும் வேகப்படுத்த வழியில்லை. அந்தப் பதின்மூன்று வாரத்துக்குள் தேவைப்படக்கூடிய பணம் என்றால் தொடவே கூடாது. தேவைப்படாது என்றாலும், ‘பழைய உச்சத்துக்கு எப்படியும் திரும்பும்’ என்ற எண்ணத்தில் போட வேண்டாம். ஹைவ் பிரிந்து வந்த தாய்ச் சங்கிலியான ஸ்டீமின் கதை கண்முன் இருக்கிறது. 2018 ஜனவரியில் 8 டாலருக்குமேல் போன ஸ்டீம், அந்த ஆண்டு முடிவதற்குள் அரை டாலருக்கும் கீழே வந்தது. அதை நடத்திய நிறுவனம் நவம்பரில் ஊழியர்களில் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்பியது. எட்டு டாலரை ஸ்டீம் மறுபடி பார்க்கவில்லை. 2020 பிப்ரவரியில் நிறுவனம் கைமாறியது, மார்ச் 20-இல் ஹைவ் தனியாகப் பிரிந்தது. பிரிந்த நாளில் ஸ்டீம் வைத்திருந்தவர்களில், புதிய உரிமையாளர் சங்கிலியைக் கைப்பற்றும் முயற்சிக்குத் துணைபோனதாக ஒதுக்கப்பட்ட கணக்குகள் தவிர மற்றவர்களுக்கு, அதே எண்ணிக்கையில் ஹைவ் வந்தது. அந்த ஹைவ் 2021 நவம்பரில் 3 டாலரைத் தாண்டி, அடுத்த ஆண்டு நடுவில் ஒரு டாலருக்கு வெகு கீழே போனது. இந்தக் கதையைக் காட்டி ‘பொறுத்தவர் பூமி ஆள்வார்’ என்று சொல்லவும் முடியும், ‘பொறுத்தவர் கையில் இருந்ததும் போச்சு’ என்று சொல்லவும் முடியும். எந்த மாதத்தில் நிறுத்திப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எழுதி வந்த டோக்கனைச் சேர்ப்பது ஒன்று, சம்பளத்தைக் கொண்டுவந்து கொட்டுவது வேறு.

பவரை வாங்காமல் வாக்கின் பலன் வேண்டுமானால் டெலிகேஷன் உண்டு, அதாவது பிறர் தம் பவரை உங்களுக்கு இரவல் தருவது. சரிவில் சும்மா கிடக்கும் பவரைப் புதியவர்களுக்குக் கொடுத்து வைக்கிற கம்யூனிட்டிகள் இருக்கின்றன. கேட்டு வாங்குவதைவிட ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தால் தாமாக வருவது அதிகம். கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அவர் கைக்குப் போய்ச் சேர ஐந்து நாள் ஆகும், உங்கள் வாக்கின் எடையோ உடனே இறங்கும்.

என்ன எழுதுவது என்பதில் ஒன்றே ஒன்று. சரிவு வந்ததும் தளம் முழுக்க விலை பற்றிய புலம்பலும் ஜோசியமும் நிறையும். அதில் இன்னொன்றைச் சேர்ப்பதில் பயனில்லை. தையல், மரவேலை, பறவை பார்த்தல், மொழிப் பாடம் என்று விலையோடு சம்பந்தமில்லாத கம்யூனிட்டிகளில்தான் படிக்கிறவர்கள் தங்குகிறார்கள். வேறு தளத்திலிருந்து வெட்டி ஒட்டியதும், இயந்திரத்தை எழுதவிட்டுப் போட்டதும் சீக்கிரம் பிடிபடும். வாக்கு மானாவில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு டவுன்வோட்டுக்கென்று (பதிவின் வருமானத்தைக் குறைக்கும் எதிர்வாக்கு) தனி மானா 2019-இலிருந்தே இருப்பதால், டவுன்வோட் போடுகிறவருக்குச் செலவு ஏதுமில்லை. கூட்டம் குறைந்த தளத்தில் கண்காணிப்பவர்களுக்கு நேரமும் நிறைய. ஒருமுறை வெளியிட்டதைச் சங்கிலியிலிருந்து நீக்கவும் முடியாது. திருத்தினாலும் பழைய வடிவம் அங்கேயே இருக்கும்.

நிரல் எழுதவோ கருவிகள் செய்யவோ தெரிந்தவர்களுக்கு வளர்ச்சி நிதி தனி வாசல். அங்கே திட்ட முன்மொழிவுக்குப் பணம் எச்பிடியில் தருவதால், ஹைவ் விலை இறங்கினாலும் கேட்ட தொகையின் டாலர் மதிப்பு பெரிதாக மாறாது. முன்மொழிவு வைக்க 10 எச்பிடி கட்டணம், 60 நாளைத் தாண்டினால் கூடுதலாக ஒவ்வொரு நாளுக்கும் 1 எச்பிடி. வாக்கு சேர்ப்பதுதான் கடினம்; முன்பின் தெரியாத பெயருக்கு யாரும் கை தூக்க மாட்டார்கள். அதற்கு முன் சின்னதாக ஒரு கருவியைச் செய்து இலவசமாக ஓடவிட்டவர்களுக்கே வாய்ப்பு.

கடைசியாகச் சாவிகள், அதாவது கணக்கின் ஒவ்வொரு வகை வேலைக்கும் தனித்தனியாக இருக்கும் கடவுச்சொற்கள். தளம் வெறிச்சோடும்போது ஏமாற்றுக்காரர்கள் மட்டும் போவதில்லை. ‘பழைய உறுப்பினர்களுக்கு இலவச டோக்கன்’ என்று பின்னூட்டத்தில் வரும் இணைப்பு, ஆக்டிவ் சாவியைக் கேட்கும். எழுதவும் வாக்களிக்கவும் போஸ்டிங் சாவி போதும். ஆக்டிவ் பணப் பரிமாற்றம், பவர் டவுன் போன்ற வேலைகளுக்கு மட்டும். ஓனர் சாவியும் மாஸ்டர் கடவுச்சொல்லும் இணையத்தோடு தொடர்பில்லாத இடத்தில். கடவுச்சொல் தொலைந்தால் மீட்டுத் தர அங்கே அலுவலகம் எதுவும் இல்லை. திருட்டுப் போய் ஓனர் சாவியை மாற்றிவிட்டார்கள் என்றால், 30 நாளுக்குள், பழைய ஓனர் சாவி கையில் இருந்து, ரெகவரி கணக்கு ஒத்துழைத்தால் மட்டுமே மீட்கலாம். கணக்கை உருவாக்கித் தந்தவரே பெரும்பாலும் ரெகவரி கணக்காக இருப்பார். அவர் இந்தச் சரிவில் தளத்தை விட்டே போயிருக்கலாம். அமைப்புகளில் போய்ப் பார்த்து, இன்றும் இயங்குகிற, நம்பகமான கணக்குக்கு மாற்றி வையுங்கள். மாற்றம் நடைமுறைக்கு வரவும் 30 நாள் ஆகும்.